குறுக்கே வராத மயில்

செயலாளரின் கண்ணில் மிளகாய் விழுந்ததற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்த விசாரணையில் இது ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே கண்டுபிடிக்கப்பட்டன.

அன்று எங்கள் தென்பொருநை விமானப் பயிற்சி நிறுவனத்தின் ஆண்டு விழா. மெட்ராஸிலிருந்து வந்த அரசுச் செயலாளர்தான் தலைமை. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டு, போர் முடிந்ததும் மறந்துவிட்டுப் போன ஓடுதளம்தான் எங்கள் நிறுவனம். ஒரு தகரக் கொட்டகை, நாலு பேர் உட்காரும் ஒரு விமானம், அந்த விமானத்தைவிட நீளமான ஒரு பெயர்ப்பலகை. விமானம் பறக்காத நேரத்தில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஓடுதளத்தில் நெல்லும் மிளகாயும் காயப்போடுவார்கள். விமானம் பறக்காத நேரம்தான் அதிகம் என்பதால் நிறுவனம் இதை முறைப்படுத்தியிருந்தது. நடுவில் சுண்ணாம்புக் கோடு. வடபாதி மிளகாய்க்கு, தென்பாதி விமானத்துக்கு. மிளகாய்க்காரர்கள் கொடுக்கும் வாடகையில்தான் விமானத்துக்குப் பெட்ரோல். அதாவது, மிளகாய் காய்ந்தால்தான் நாங்கள் பறக்க முடியும். மிளகாய் காயும்போது பறக்கக் கூடாது.

விழாவில் என் வேலை சுலபமானது. கொட்டகையிலிருந்து விமானத்தை உருட்டிக்கொண்டு வந்து, பந்தலுக்கு முன்னால் ஒரு திருப்புத் திருப்பி, வால் பக்கம் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயர் செயலாளருக்குத் தெரியும்படி நிறுத்த வேண்டும். பிறகு இறங்கி ஒரு சல்யூட். பறப்பதை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். விழா ராகுகாலத்துக்குள் நீண்டுவிட்டது.

திருப்பினேன். வால் பந்தலைப் பார்த்து நின்றது. வாலுக்கும் பந்தலுக்கும் நடுவில், வாடகைக்காரர்களில் ஒருவரான பாத்தக்காவின் மிளகாய். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் எல்லோரும் கை தட்டினார்கள். பிறந்ததிலிருந்து எனக்காக யாரும் கை தட்டியது கிடையாது. வேகத்தைக் குறைக்க இழுக்க வேண்டிய குமிழை நன்றியுணர்ச்சியோடு தள்ளிவிட்டேன்.

எஞ்சின் அலறியது. விசிறி கிளப்பிய காற்று மிளகாயைத் தூக்கிப் பந்தலுக்குள் போட்டது. காய்ந்த மிளகாயும் விதையும் தூளுமாக ஒரு சிவப்பு மேகம். நாகஸ்வரக்காரர் வாத்தியத்துக்குள்ளேயே தும்மினார். அடுத்துச் செயலாளர், அவருக்கு அடுத்து எங்கள் இயக்குநர், அப்புறம் முதல் வரிசை, இரண்டாம் வரிசை. எங்கள் நிறுவனத்தில் எது நடந்தாலும் பதவி வரிசைப்படிதான் நடக்கும். விமானம் அதற்குள் முன்னால் பாய்ந்து, இறக்கையின் நுனியால் கொடிக்கம்பத்தைச் சாய்த்துவிட்டு, வெட்கப்பட்டதுபோல நின்றது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. செயலாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே, 'தென்பாண்டி இளைஞர்களின் சாதனை கண்டு கண்கலங்கிய செயலாளர்.' செயலாளரைப் பற்றி ஒரு பத்திரிகை நல்லபடியாக எழுதியது அதுவே முதல்முறையாம். அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டார் என்று மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து, நிறுவனத்தைப் பொறுத்தவரை, மிளகாய் இல்லாமல் போயிற்று.

நான் எப்படி விமானம் ஓட்ட வந்தேன் என்று கேட்பீர்கள். தனியார் விமானக் கம்பெனிகள் வெற்றிலைபாக்குக் கடை மாதிரி முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பைலட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் பேசினார்கள். என் அப்பா சிவசங்கரன், பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். உலகப் படத்தில் குச்சியால் தொட்ட ஊருக்கெல்லாம் வீட்டிலிருந்து ஒருத்தனாவது போக வேண்டும் என்று ஆசை அவருக்கு. முக்கூடலில் ஆற்றை ஒட்டியிருந்த வயலை விற்று என்னைச் சேர்த்துவிட்டார். அக்கா சித்ரலேகாவின் கல்யாணம் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள். 'மச்சினன் பைலட்டாகிவிட்டால் போதும், காத்திருக்கிறோம்' என்றார்கள். அக்கா தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வருவாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு வார்த்தை சொல்வாள்.

"ஏலே, நீ மேல போகணும்னுட்டுதான் நான் கீழயே நிக்கேன். சீக்கிரம் போ, காலு வலிக்கி."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதனால்தான் எனக்கு ராத்திரி சோறு இறங்காது.

பயிற்சி எப்படியென்றால், விமானத்தில் ஏறுவதற்குள் பல தடைகள். ராகுகாலத்திலும் எமகண்டத்திலும் பறப்பதில்லை. சாரல் காலத்தில் மேல்காற்று ஆகாது. பங்குனி, சித்திரையில் மிளகாய். ஐப்பசியில் மழை. மிஞ்சிய நாட்களில் பெட்ரோல் இருக்காது. ஆகவே பெரும்பாலும் நாற்காலியில்தான் பறந்தோம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். திருப்பும் சக்கரத்துக்குப் பதிலாக என் கையில் ஒரு தாம்பாளம். தலைமைப் பயிற்றுநர் கேப்டன் வேதமுத்து பின்னால் உட்கார்ந்து வாயால் எஞ்சின் ஓட்டுவார். நன்றாக ஓட்டுவார், குறை சொல்லக் கூடாது. காற்று எதிர்த்து அடித்தால் இருமுவார். நாற்காலியில் பறந்த நேரமும் பறந்த நேரமே என்பது நிறுவனத்தின் கொள்கை. நான் நாற்காலியில் பலமுறை பம்பாய் போய்வந்திருக்கிறேன். நிஜ விமானத்தில் ஆற்றைத் தாண்டியது கொஞ்சம்தான்.

விசாரணைக் கமிஷன் எங்கள் இயக்குநர் பாபநாசம் தலைமையில், எங்கள் இயக்குநர் பாபநாசத்தையே உறுப்பினராகக் கொண்டு அமைந்தது. கேப்டன் குறிப்பெடுத்தார்.

"கார்த்திகேசன், அன்னைக்கு ஓடுதளத்துல என்னவே கெடந்தது?"

"மொளகாய் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும். செயலாளர் கண்ணு கலங்குனது பேப்பர்ல வந்தாச்சு. எதைப் பாத்துக் கலங்குனாவ?"

"எங்க சாதனையப் பாத்து."

"அப்போ மொளகாய் எங்கன இருந்துச்சு?"

யோசித்தேன். "மத்தியானச் சாப்பாட்டுல சார். கொழம்புல."

"எழுதிக்கிடும் கேப்டன். பையன் கெட்டிக்காரன்."

முதல் அமர்வு முடிந்தது. டீ வந்தது.

இரண்டாம் அமர்வு கொடிக்கம்பம் பற்றி. கம்பம் சாய்ந்தது படத்திலேயே ஓரமாகத் தெரிந்தது. அதைக் குழம்பில் சேர்க்க முடியவில்லை. இயக்குநர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோது கேப்டன் வேதமுத்து பையத் தொண்டையைச் செருமினார்.

"மயிலு ஒண்ணு குறுக்க வந்திருக்கலாம்லா?"

இயக்குநர் எழுந்து நின்றார். தேசியப் பறவைக்கு மரியாதையோ, இடுப்பு வலியோ தெரியாது. நாங்களும் எழுந்து நின்றோம்.

"மயிலைக் காப்பாத்தத்தான் நம்ம பையன் எஞ்சினை வேகமாக்கி வெலக்கியிருக்கான்! இது விபத்து இல்லவே. இது சமயோசிதம்!"

"மயில் எதுவும் வரல சார்," என்றேன்.

"வந்ததை நீரு பாக்கல. பாக்காமலே காப்பாத்தியிருக்கீரு. அது இன்னும் பெருசு."

ஆனால் இயக்குநர் முறைப்படி வேலை செய்கிறவர். மயில் என்று எழுதினால் மேலே 'எந்த மயில்?' என்று கேட்பார்கள் என்றார். ஆகவே மறுநாள் கமிஷன் ஜீப்பில் கிளம்பி, ஓடுதளத்துக்கு அடுத்த சாஸ்தா கோவில் மதிலுக்குப் போயிற்று. மூன்று மயில்கள் உட்கார்ந்திருந்தன. அடையாளம் காட்டச் சொன்னார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு சார்."

"பயப்படாதிரும்வே. ஒம்மள ஒண்ணும் செய்யாது."

கேப்டன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நடுவுல நிக்குதே, அது மூஞ்சியே சரியில்ல."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்ததோ என்னவோ, நடு மயில் கழுத்தை நீட்டி ஒரு அகவல் அகவியது. 'குற்றத்தை ஒப்புக்கொண்டது' என்று கேப்டன் எழுதினார். மற்ற இரண்டையும் இயக்குநர் அங்கேயே விடுவித்தார்.

மூன்றாம் அமர்வில் தீர்ப்பு. வாக்குமூலம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. குறுக்கே மயில் வந்தது, நான் காப்பாற்றினேன், ஓடுதளத்தில் அன்று எந்தப் பொருளும் காயவில்லை, பாத்து என்கிற பெண்மணி யாரென்றே நிறுவனத்துக்குத் தெரியாது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நான் கையெழுத்துப் போட்டால், 'முழுத் தகுதி பெற்ற விமானி' என்று சான்றிதழ். மெட்ராஸில் ஒரு புதுக் கம்பெனி, எங்கள் இயக்குநர் கையெழுத்தைப் பார்த்தாலே ஆளை எடுத்துக்கொள்ளுமாம். போடாவிட்டால், கொடிக்கம்பத்தைச் சாய்த்த குற்றத்துக்குப் பெயர் நீக்கம். அக்காவின் கால் இன்னும் வலிக்கும்.

"சார், ஒரே ஒரு சந்தேகம்," என்றேன். "எனக்கு விமானம் ஓட்டத் தெரியுமா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் உரை என்று அர்த்தம்.

"தெரியுமா, தெரியாதாங்கது தனி மனுசன் பாக்கிற பார்வை. தகுதிங்கதுதான் நிறுவனத்தோட பார்வை. நான் இங்கன வர்றதுக்கு முன்னால இருபது வருசம் பால்வளத் துறையில இருந்தேன். ஒரு மாட்டைத் தொட்டுக் கறந்தது இல்ல. பால் வராமலா போச்சு? நீரு ஒருத்தர்தான் பைலட்னு நெனைச்சுக்கிட்டா எப்படிவே? பக்கத்துல இன்னொருத்தர் இருப்பாருல்லா! அவரு எங்கன படிச்சிருப்பாரு? இந்த மாதிரி ஒரு நிறுவனத்துலதான். அதனால நீரு அவரை நம்பணும், அவரு ஒம்ம நம்பணும். இந்தத் தேசமே அப்படித்தான் பறக்குது."

அந்த உரையிலிருந்துதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

"சரி சார். நான் ஓட்டுத பிளேன்ல நீங்க ஏறுவியளா?"

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எனக்கு விமானத்துல போகத் தகுதி இருக்கு. சலுகை இருக்கு. ஆனா நெல்லை எக்ஸ்பிரஸ்ல எனக்குக் கீழ் பெர்த் பழகிப்போச்சு."

அப்போதுதான் உறைத்தது. இயக்குநர், கணக்கர், கேப்டன், எல்லோரும் மெட்ராஸுக்கு ரயிலில்தான் போனார்கள். போன வருஷம் எங்களிடம் படித்து வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வரும்போதும் ரயிலில்தான் வந்தார்கள்.

கேப்டனைக் கொட்டகையில் தனியாகப் பிடித்தேன். விமானத்தின் அடிபட்ட இறக்கையில் பிளாஸ்திரி மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களாவது சொல்லுங்க. எனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்னு எழுதிருக்கேம்லா."

"எழுதுனது தெரியும் சார். தெரியுமா?"

"பெட்ரோல் வந்தா தெரிஞ்சிரும்."

"நான் ஓட்டுனா ஏறுவியளா?"

கேப்டன் நல்ல மனிதர். பொய் சொன்னால் காது சிவக்கும். காதைத் தடவிக்கொண்டே, "எனக்கு இந்த ஜன்னல் சீட்டு ஒத்துக்கிடாதுலே," என்றார். "வயசாச்சு." காது மிளகாய் மாதிரி இருந்தது.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். உலகப் படத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எனக்குத் தலைசுத்து உண்டும்லாடே. ஒனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தலைசுற்று இருப்பது அம்மாவுக்கே அன்றுதான் தெரியும்.

அக்காவிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நெசமா மயிலு வந்துச்சாலே?"

"வரல."

வாரை அவிழ்த்துச் செருப்பை ஓரமாக வைத்தாள். "பிளேன்ல ஏறுனதும் சாக்லேட் குடுப்பாவளாம்லா? குடுத்தா ஏறுதேன்," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். சிரிக்காமல் வேறென்ன செய்வாள்?

வியாழக்கிழமை காலையில், வாக்குமூலத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போனேன். பேனா வாங்கியிருந்தேன். நல்ல பேனா. கையெழுத்துப் போடுவதென்றே முடிவு செய்திருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஓடுதளத்துக்கு வடக்கே, பந்தல் இருந்த இடத்துக்குப் பின்னால், உடைமரங்களுக்குள் பாத்தக்கா குனிந்துகொண்டிருந்தார். மேலப்பாளையத்துக்காரர். ஆயுள்காலச் சந்தாதாரர் மாதிரி, வருஷா வருஷம் அதே இடத்தில் மிளகாய் காயப்போடுகிறவர். முள்ளுக்குள் கையை விட்டு, சிக்கிக்கிடந்த மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாப்பா, வா. செயலாளரை அழ வச்சவன் நீதானே? ஊர்ல எவனாலயும் முடியாததை என் மொளகாய் செஞ்சிருச்சேன்னு நான் நாலஞ்சு நாளாச் சிரிக்கேன்."

"நிறுவனத்துல ஏதும் குடுத்தாவளா அக்கா?"

"போய்க் கேட்டேன். 'நீ யாரும்மா?'ன்னு கேக்காரு அந்தக் கண்ணாடிக்காரரு. போன வாரம்தான் வாடகையை எண்ணி வாங்கிட்டு, 'வீட்ல எல்லாரும் சொகமா?'ன்னு கேட்டாரு. மனுசனுக்கு என்ன நோவோ!"

குனிந்து மிளகாய் பொறுக்க ஆரம்பித்தேன். முள் குத்தியது; அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பொறுக்கிக்கொண்டே பாத்தக்கா பேசினார். மகன் அலி அஸ்கர் துபாயில் இருந்து பெருநாளுக்கு வருகிறானாம். பம்பாய் வரைக்கும் ஒரு பிளேன், பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இன்னொரு பிளேன். அந்த இரண்டாவது பிளேன் ஏதோ புதுக் கம்பெனியாம், டிக்கெட் சல்லிசாம்.

"அது வந்து எறங்குத வரைக்கும் எனக்கு எச்சில் முழுங்காது வாப்பா. போன தடவை அவன் வார அன்னைக்கு, வீட்டு முத்தத்துல நின்னு ஆகாசத்தையே பாத்துட்டுக் கெடந்தேன். எந்தப் பிளேன்னு எனக்கென்ன தெரியும்? போன எல்லாத்துக்கும் துஆ செஞ்சேன், நல்லபடியா எறங்கணும்னு."

அந்தப் புதுக் கம்பெனியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். இயக்குநர் கையெழுத்தைப் பார்த்தாலே ஆளை எடுக்கிற கம்பெனி அதுதான்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"அவன் வாரப் பிளேனை நான்தான் ஓட்டுதேன்னு வச்சுக்கிடுங்க. ஒங்க மகனை அதுல ஏத்துவியளா?"

பாத்தக்கா சிரிக்கவில்லை. சாக்கைக் கீழே வைத்தார். உடைமரத்தைத் தாண்டி, கொட்டகையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நின்ற விமானத்தைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு எதுக்கு அது அப்படிப் பாஞ்சிச்சு? மயிலுன்னு பேசிக்கிடுதாவ."

"மயிலு இல்லக்கா. இழுக்க வேண்டியதத் தள்ளிட்டேன்."

"ஏன் தள்ளுன?"

"எல்லாரும் கை தட்டுனாவ. கொழம்பிட்டேன்."

"மேல போனா கொழப்புததுக்கு ஒண்ணும் இருக்காதா? மழை, மின்னலு?"

"இருக்கும். நான் அதுல போய்ப் பழகல. நாற்காலியிலதான் போயிருக்கேன்."

"நாற்காலியிலயா?"

தாம்பாளம் பிடிப்பதையும், கேப்டன் வாயால் எஞ்சின் ஓட்டுவதையும் சொன்னேன். எதிர்க்காற்றுக்கு அவர் இருமுவதைக்கூடச் சொன்னேன். இதற்கு முன் யாரிடம் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாத்தக்கா முழுசும் கேட்டார், ஒரு மருத்துவரிடம் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிற முகத்தோடு. தூரத்தில் ஜீப் வரும் சத்தம். இயக்குநர் வந்துகொண்டிருந்தார். மத்தியானம் நெருங்கிவிட்டது. சட்டைப்பையில் தாள் உறுத்தியது.

பாத்தக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஏத்த மாட்டேன் வாப்பா," என்றார். "நீ நல்ல பிள்ள. இந்த முள்ளுக்குள்ள வந்து நிக்க. ஆனா ஏத்த மாட்டேன். நெசமா ஓட்டப் படிச்சிட்டு வந்து கேளு, அப்போ பாப்போம்."

சாக்கு நிறைந்துவிட்டிருந்தது, என் கையில் இன்னும் ஒரு பிடி மிளகாய் மிச்சம். சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து, பொட்டலமாக மடித்து, மிளகாயை அதில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.